ஆச்சியின் மதத்தில் கடவுள் இருக்கிறாரா?

கேள்வி: நான் தமிழ், சைவம். கணவர் சிங்கள பௌத்தர். மாமியார் எங்களோடுதான் இருந்தார். எட்டு மாதம் புற்றுநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்து போன மாதம் காலமாகிவிட்டார். கடைசிவரை நான்தான் பார்த்தேன். இறந்தவருக்காகப் பிக்குகளுக்கு உணவளிக்கும் ஏழாம் நாள் தானத்துக்கு வந்த ஒரு உறவுக்காரப் பெரியம்மா, "போன பிறவிக் கர்மம், இல்லாவிட்டால் இப்படி வலிபட்டுச் சாவாளா" என்று சொன்னது இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது. ஒன்பது வயது மகள் வேறு கேட்கிறாள்: "அம்மம்மாவின் கோயிலில் கடவுள் இருக்கிறார், ஆச்சியின் மதத்தில் இருக்கிறாரா? ஆச்சி இப்போது எங்கே?" கணவர் "பௌத்தத்தில் கடவுள் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் மாமியார் நடக்க முடிந்த காலம்வரை புதன்கிழமை தவறாமல் கதிர்காம தெய்யோ (சிங்களவர் கதிர்காம முருகனை அழைக்கும் பெயர்) தேவாலைக்கு, அதாவது தெய்வக் கோயிலுக்கு, பழத்தட்டோடு போனவர். தானத்துக்கு முதல்நாள் இரவு ஹாமதுரு (பௌத்த பிக்கு) சொன்ன 'பண' என்ற தர்ம உரையில் எல்லாம் அநித்தியம் (நிலையற்றது), எல்லாம் துக்கம் என்றார். அப்படியென்றால் இந்த உலகம் பொய்யா? நாங்கள் வைத்த பாசமும் பொய்யா? பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

வத்தளையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு அந்தப் பெரியம்மாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் வலிக்கிற இடம் அதுதான். பாளியும் பௌத்த மெய்யியலும் இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். செத்த வீடுகளிலும் தான வீடுகளிலும் "அது அவருடைய கர்மம்" என்ற பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஏதாவது சொல்லி ஆறுதல் தேடுகிறார்கள். ஆனால் அது புத்தர் சொன்னது இல்லை, சொல்லப்போனால் அவர் மறுத்த பேச்சு.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்று ஒரு துறவி வருகிறான். இராசகிருகத்து மூங்கில் வனத்தில் புத்தர் இருக்கும்போது நேரே வந்து கேட்கிறான்: மனிதன் படுகிற இன்ப துன்பம் எல்லாமே முன்பு செய்த வினையின் பலன் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். பித்தத்தால் வருகிற வேதனை உண்டு, சிலேத்துமத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கலந்து வருவது உண்டு, பருவம் மாறுவதால், உடம்பைச் சரியாகப் பேணாததால், அடிபடுவதால் வருவதும் உண்டு. கர்ம விளைவு எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாமே முன்வினை என்பவர்கள் தாங்களே கண்கூடாக அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள், உலகம் உண்மையென்று ஏற்றுக்கொண்டதையும் தாண்டிப் போகிறார்கள், அது அவர்களுடைய பிழை என்று முடிக்கிறார். உடம்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு நோய் வரும், அதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கலாம். இதை அந்தக் காலத்து வைத்திய மொழியில் அவர் சொன்னார், அவ்வளவுதான்.

அங்குத்தர நிகாயம் என்ற மற்றொரு தொகுப்பில் இன்னொன்று இருக்கிறது. யோசித்து முடிவு காண முடியாத விஷயங்கள் நான்கு, அவற்றில் புகுந்து குடைந்தால் பைத்தியமும் களைப்பும்தான் மிஞ்சும் என்கிறார். அந்த நான்கில் ஒன்று கர்மம் எப்படி விளைகிறது என்கிற கணக்கு. ஆகவே ஒரு நோயாளியின் கட்டிலைக் காட்டி இது இன்ன வினையின் பலன் என்று யாராவது சொன்னால், புத்தரே போகாதே என்ற இடத்துக்குள் அவர்கள் போகிறார்கள். அடுத்த தடவை அந்தப் பெரியம்மா வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். "பெரியம்மா, சீவக சூத்திரத்தை ஹாமதுருவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எட்டு மாதம் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில் ஒரு சம்பவம். வயிற்றுப்போக்கில் விழுந்த ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், அவர் எங்களுக்கு ஒரு உதவியும் செய்ததில்லை, அதனால் நாங்களும் பார்க்கவில்லை என்கிறார்கள். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் ஊற்ற ஊற்ற ஆனந்தர் கழுவுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டு, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். உங்கள் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்ததும் விரிப்பு மாற்றியதும் சைவமா பௌத்தமா என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆனால் பௌத்தத்தின் கண்ணால் பார்த்தால் அது நேரே புத்தருக்குச் செய்த வேலை. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

சரி, கடவுள்.

உங்கள் கணவர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். மாமியார் பழத்தட்டோடு போனதும் சரிதான், அது கணவர் சொன்னதற்கு முரணும் இல்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால் நாங்கள் எல்லாவற்றையும் 'கடவுள்' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைக்கிறோம். உலகத்தைப் படைத்து, காத்து, எல்லாம் அறிந்து, என்றும் அழியாமல் இருக்கிற ஒருவர் உண்டா என்று கேட்டால் பௌத்தம் இல்லை என்கிறது. தேவர்கள் உண்டா என்று கேட்டால், ஏராளமாக உண்டு. இலங்கையில் வழங்கும் தேரவாத மரபு முப்பத்தொரு நிலைகளைச் சொல்கிறது: நரகங்கள், விலங்கு, பேதர் (பசியோடு அலையும் இறந்தோர்), மனிதர், அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தேவ உலகங்கள், பிரம்ம உலகங்கள். இந்திரனுக்கு அங்கே சக்கன் என்று பெயர், அவனும் இருக்கிறான், பிரம்மாவும் இருக்கிறார். ஆனால் ஒருவரும் நிரந்தரம் இல்லை. புண்ணியத்தால் அங்கே பிறந்தார்கள், ஆயுள் முடிந்தால் அங்கிருந்து விழுவார்கள். எங்களைவிட அழகாக, எங்களைவிட நெடுங்காலம் வாழ்கிறார்கள், ஆனால் எங்களைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள்.

படைத்தவர் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதற்குத் தீக நிகாயத்தின் முதல் சூத்திரத்தில் ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உலகம் ஒடுங்கி மறுபடி விரிகிறபோது ஒரு பிரம்ம மாளிகை வெறுமையாகத் தோன்றுகிறது. மேலுலகத்தில் புண்ணியம் தீர்ந்த ஒரு உயிர் அங்கே வந்து முதலாவதாகப் பிறக்கிறது. கனகாலம் தனியே இருக்கிறது. தனிமை தாங்காமல், யாராவது இங்கே வரமாட்டார்களா என்று ஏங்குகிறது. அந்த நேரம் பார்த்து வேறு உயிர்களும் புண்ணியம் தீர்ந்து அதே இடத்தில் வந்து பிறக்கின்றன. முதலில் வந்தவர் நினைக்கிறார்: நான் ஆசைப்பட்டேன், இவர்கள் வந்தார்கள், அப்படியென்றால் இவர்களைப் படைத்தவன் நான். பின்னால் வந்தவர்களும், நாங்கள் வரும்போதே இவர் இருந்தாரே, இவர்தான் எங்களைப் படைத்தவர் என்று நினைக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இருபக்கமும் உண்மையாக நம்புகிறார்கள். கடவுள் நம்பிக்கையை மறுக்கிற எத்தனையோ வாதங்களைப் படித்திருக்கிறேன். அந்தத் தனித்த உயிரின் ஏக்கத்தை இவ்வளவு பரிவோடு பார்த்த மறுப்பை வேறெங்கும் நான் காணவில்லை.

அதே நிகாயத்தில் கேவட்ட சூத்திரம். மண், நீர், தீ, காற்று என்ற நான்கும் மிச்சமில்லாமல் எங்கே அடங்குகின்றன என்று ஒரு பிக்குவுக்குக் கேள்வி வருகிறது. தியான பலத்தால் தேவ உலகம் ஒவ்வொன்றாக ஏறிப்போய்க் கேட்கிறார். ஒவ்வொருவரும் எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு மேலே இருப்பவரைக் கேள் என்று அனுப்புகிறார்கள். கடைசியில் மகாபிரம்மா. அவர் "நான் பிரம்மா, வெல்ல முடியாதவன், எல்லாம் காண்பவன், படைப்பவன்" என்று தன் பெருமையையே சொல்கிறார். பிக்கு விடவில்லை, நான் அதைக் கேட்கவில்லை, நான்கு பூதமும் எங்கே அடங்குகின்றன என்று கேட்டேன் என்கிறார். மூன்றாம் தடவை கேட்டதும் பிரம்மா அவருடைய கையைப் பிடித்து ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறார்: இந்தத் தேவர்கள் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள், அதனால் அவர்கள் முன்னால் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது, புத்தரை விட்டுவிட்டு இங்கே வந்தது உன் பிழை, திரும்பிப் போய் அவரிடம் கேள்.

அப்போ புத்தர்தான் கடவுளா என்று மகள் அடுத்துக் கேட்பாள், நிச்சயமாகக் கேட்பாள். தோணன் என்ற பிராமணன் வழியில் ஒரு காலடித் தடத்தில் சக்கர அடையாளம் கண்டு, தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் மரத்தடியில் இருந்த புத்தரைக் கண்டு இதையேதான் கேட்டான். நீங்கள் தேவரா? இல்லை. கந்தர்வரா? இல்லை. யட்சரா? இல்லை. அப்போ மனிதரா? அதுவும் இல்லை. தாமரை தண்ணீரில் முளைத்துத் தண்ணீரிலேயே வளர்ந்து, தண்ணீர் ஒட்டாமல் மேலே நிற்கிறது போல நான் நிற்கிறேன், என்னைப் புத்தன் என்று வைத்துக்கொள் என்றார். பன்சலையில் (பௌத்த விகாரையில்) சிலைக்கு முன்னால் பூ வைக்கும்போது ஆச்சி என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? அந்தக் காதையில் (பாடலில்) 'இதைத் தா, அதைத் தா' என்று ஒரு சொல்லும் கிடையாது. இந்தப் பூ வாடுகிறது போல என் உடம்பும் அழிவை நோக்கிப் போகிறது என்றுதான் வரும். காலையில் நறுக்கென்று விரிந்திருந்த அரலியாப் பூ பின்னேரம் ஓரம் கறுத்துச் சுருண்டு கிடப்பதை மகள் எத்தனையோ முறை பார்த்திருப்பாள், அதுதான் அந்தப் பூசையின் பாடம்.

கதிர்காம தெய்யோ விஷயம் வேறு. சிங்கள பௌத்தத்தில் அவர் சாசனத்தை (புத்தரின் போதனையை) காக்கிற தேவர், இந்தப் பிறவியின் கஷ்டங்களுக்கு உதவி கேட்கக்கூடிய ஒருவர். பிள்ளையின் பரீட்சை, கடன், நோய், இவற்றுக்குத் தேவாலைக்குப் போவார்கள், வீடுபேற்றுக்கு அல்ல. அங்கே போய்விட்டு வந்து புண்ணியத்தை அவருக்கே கொடுப்பார்கள், அதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். தானம் முடிந்ததும் உங்கள் வீட்டில் "ஆகாசட்டா ச பும்மட்டா" என்று தொடங்கி ஓதினார்களே, வானிலும் நிலத்திலும் இருக்கிற வலிமைமிக்க தேவரும் நாகரும் இந்தப் புண்ணியத்தை ஏற்று மகிழ்ந்து நெடுங்காலம் காக்கட்டும் என்பது அதன் பொருள். தேவர்களுக்கும் புண்ணியம் தேவை, அது மனிதர் கையில் இருந்து போக வேண்டியிருக்கிறது. உங்கள் மாமியார் புதன்கிழமையில் முருகனிடம் யாசித்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை, தன்னைவிடப் பெரிய ஒருவருக்குத் தன்னிடம் இருந்ததைப் பங்கு கொடுத்துவிட்டும் வந்தார். கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்று நான்கு தேவாலைகள் இருப்பதும், எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவில் அந்த நான்கின் ஊர்வலமும் சேர்ந்து வருவதும் இந்த ஏற்பாட்டால்தான். அந்தப் பத்தினி வேறு யாரும் இல்லை, எங்கள் கண்ணகி. ஆகவே உங்கள் வீட்டுச் சாமி அறைக்கும் ஆச்சியின் தேவாலைக்கும் இடையில் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை. தெய்வத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

"பௌத்தம் மதமே அல்ல, அது வெறும் தத்துவம்" என்று படித்தவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் மாமியாரைப் போன்ற கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கை பௌத்தத்துக்கு வெளியே போய்விடும்.

இனி, உலகம் பொய்யா என்பது. இல்லை சகோதரி. புத்தர் ஒரு இடத்தில், நான் உலகத்தோடு வழக்காடுவதில்லை, அறிவுள்ளவர்கள் உண்டு என்பதை நானும் உண்டு என்கிறேன், இல்லை என்பதை நானும் இல்லை என்கிறேன் என்று சொல்கிறார். எது உண்டு? மாறுகிற உடம்பு உண்டு, மாறுகிற உணர்வு உண்டு. எது இல்லை? மாறாத, என்றும் அப்படியே நிற்கிற உடம்பு இல்லை. இதில் பொய் என்று எதுவும் இல்லை. அவர் சொன்ன உவமைகளில் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. வைரம் பாய்ந்த மரம் தேடி ஒருவன் கோடரியோடு காட்டுக்குப் போய், நேராக நிற்கிற பெரிய வாழை ஒன்றைக் காண்கிறான், குலை தள்ளாத இளம் வாழை. அடியில் வெட்டித் தலையைத் தறித்து மட்டை மட்டையாக உரிக்கிறான். உரித்துக்கொண்டே போனால் மென்மரம்கூடக் கிடைக்காது, வைரம் எங்கே கிடைக்கும். குலை தள்ளாத வாழையை நீங்களே உரித்துப் பாருங்கள், ஒவ்வொரு மட்டையும் ஈரமாக, கண்ணறை கண்ணறையாகக் கையில் வரும், கடைசியில் சுருண்ட இலைக்குருத்துதான். ஆனால் வாழை பொய் என்று யாராவது சொல்வார்களா? அது நிழல் தருகிறது, இலை தருகிறது, நாளைக்குக் குலையும் தள்ளும். உள்ளே 'நான்' என்று ஒரு வைரக்கட்டை இல்லை, மட்டைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் மரமாக நிற்கிறது. அநாத்மம் என்பதும் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவது என்பதும் இதுதான். பிற்காலத்தில் நாகார்ஜுனர் என்ற பௌத்த அறிஞர் சூனியம் என்று சொன்னபோதும் இதைத்தான் சொன்னார், ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை, சொந்தக் காலில் தனியாக நிற்கிற பொருள் எதுவும் இல்லை என்றார்.

இந்தச் சார்புச் சங்கிலிக்கு மணிமேகலையில் நல்ல தமிழ்ச் சொற்களே இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று போகும். ஹாமதுரு பாளியில் சொன்னது உங்களுக்கு அந்நியமாகப் பட்டிருந்தால் இந்தத் தமிழில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், யார் படைத்தார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை, எது இருப்பதால் எது வருகிறது என்பதுதான் கேள்வி.

பாசம்? பிரித் (காப்புக்காக ஓதும் பாடல்கள்) ஓதும்போது வருகிற மெத்த சூத்திரத்தில், தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பது போல எல்லா உயிரிடத்தும் மனத்தை வளர்த்துக்கொள் என்று இருக்கிறது. பாசத்தைப் பொய் என்று நினைத்தவர் அந்த உவமையை எடுப்பாரா? இவர் மாறவே கூடாது, போகவே கூடாது என்று பிடித்துக்கொள்கிற அந்தப் பிடியைத்தான் அவர் துக்கத்தின் வேர் என்றார். உங்களுக்கு இப்போது அழுகை வந்தால் அழுங்கள், அதற்காக எந்தச் சூத்திரத்தையும் மீறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மகளுக்கு. ஆச்சி எங்கே என்று அவள் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தேரவாதத்தின்படி ஒரு பிறவி முடிந்த கணமே அடுத்தது தொடங்கிவிடுகிறது, ஆனால் எங்கே என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. நட்சத்திரமாகிவிட்டார், தூங்குகிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள், பிறகு தூங்கவே பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு பின்னேரம் இரண்டு மண்விளக்கு எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள். ஒன்றை ஏற்றி, அதிலிருந்து மற்றதை அவளே ஏற்றட்டும். இரண்டாவது விளக்கில் இருப்பது அதே சுடரா, வேறு சுடரா என்று கேளுங்கள். அதே சுடர் என்றால், முதல் விளக்கு இன்னும் எரிகிறதே என்று கேளுங்கள். வேறு என்றால், அது இல்லாமல் இது வந்திருக்குமா என்று கேளுங்கள். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் என்ற பிக்கு காட்டிய விளக்கு இதுதான். ஆன்மா என்று ஒரு பொருள் இடம்மாறிப் போகாமலே மறுபிறப்பு எப்படி நடக்கும் என்று அவன் கேட்டதற்கு, ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது ஏதாவது இடம்மாறிப் போகிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும், பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். விளக்கம் முழுவதையும் அன்றைக்கே சொல்லி முடிக்க வேண்டியதில்லை, சுடரைப் பார்த்துக்கொண்டு அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். கணவரையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். அவர் ஒரே வார்த்தையில் முடித்ததைக் கொள்கை என்று நான் எடுக்கவில்லை, அம்மாவைப் பற்றிப் பேச இன்னும் வாய் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று மாத தானம் இன்னும் இரண்டு மாதத்தில் வரும். தானம் முடிகிற நேரம் குடும்பம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து கெண்டியிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் வார்ப்பீர்கள், நிரம்பித் தட்டில் வழிகிறவரை. ஏழாம் நாளில் மகள் அதைத் தள்ளி நின்று பார்த்திருப்பாள். அப்போது ஓதப்படுகிற காதையின் பொருளை முதல்நாளே அவளுக்குச் சொல்லிவையுங்கள்: மேட்டில் பெய்த மழைநீர் பள்ளத்துக்கு ஓடுகிறது போல இங்கே கொடுத்தது போனவர்களுக்குச் சேரட்டும், நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புகிறது போலச் சேரட்டும். ஆச்சி அந்தப் பேத உலகில் இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்பாள். சானுசோணி என்ற பிராமணன் இதையே கேட்டிருக்கிறான். அங்கே இருக்கிற வேறு உறவினருக்குப் போகும், கொடுத்தவருக்கும் பலன் இல்லாமல் போகாது என்றார் புத்தர்.

அன்றைக்கு மகளை நடுவில் உட்காரவைத்துக் கெண்டியை அவள் கையிலேயே கொடுங்கள், தகப்பனும் நீங்களும் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டால் போதும். கெண்டி கனமாக இருக்கும், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.